ஒரு நாள்கூட லீவு எடுக்காத தோட்டம்: தொண்டரடிப்பொடி ஆழ்வார்



வாழ்க்கை வரலாறுன்னு சொன்னாலே ஒரு விஞ்ஞானி, இல்லன்னா ஒரு தலைவர், இல்லன்னா ஒரு தொழிலதிபர். நாம எல்லாரும் அப்படித்தான் பழகியிருக்கோம். இந்தத் தடவை உங்களுக்கு ஒரு தோட்டக்காரரை அறிமுகப்படுத்தப் போறேன். நம்ம தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர். ஏறத்தாழ 1200 வருஷத்துக்கு முன்னாடி வாழ்ந்தவர். 12 ஆழ்வார்களில் ஒருவர். பேர் தொண்டரடிப்பொடி ஆழ்வார்.

மார்கழி மாசம் விடியற்காலையில பெருமாள் கோயில் ஸ்பீக்கர்ல திருப்பள்ளியெழுச்சி கேட்டு, போர்வையை இழுத்து மூடிக்கிட்டுத் தூங்கியிருப்பீங்க இல்லையா? அதைப் பாடினவர் இவர்தான். ஆனா பாட்டு அவரோட முழுநேர வேலை இல்லை. அவர் பாடினது மொத்தமே 55 பாசுரம்: திருமாலை 45, திருப்பள்ளியெழுச்சி 10. மற்ற நேரமெல்லாம் மண்வெட்டி, குடம், பூக்கூடை. ஸ்ரீரங்கத்துல ஒரு நந்தவனம் வெச்சு, தினமும் பூ பறிச்சு, மாலை கட்டி, அரங்கனுக்குக் கொடுக்கிறது தான் அவர் தனக்குத் தானே கொடுத்துக்கிட்ட வேலை.

தினமும் என்கிற வார்த்தையைக் கொஞ்சம் கவனிங்க. வருஷத்துக்கு 365 நாள். சித்திரை வெயிலிலும் பூ வேணும், ஐப்பசி அடைமழையிலும் பூ வேணும். இன்னைக்குச் செடி பூக்கலைன்னு கோயில்ல போய்ச் சொல்ல முடியாது. டெட்லைன் தினமும் காலையில வரும். நமக்கெல்லாம் செமஸ்டருக்கு ஒரு தடவை வர்றதுக்கே எப்படி இருக்குன்னு உங்களுக்கே தெரியும்!

மண்டங்குடியிலிருந்து அரங்கத்துக்கு

திருமண்டங்குடின்னு ஒரு ஊர். பாபநாசம் தாலுக்கா, கும்பகோணத்துக்கு மேற்கே. சர்க்கரை ஆலை பத்தின செய்தியில தான் உங்களில் பலர் இந்தப் பேரைப் பார்த்திருப்பீங்க. பக்கத்துலயே புள்ளபூதங்குடி, ஆதனூர்னு இரண்டு திவ்யதேசங்கள் இருக்கு. சுத்தி நெல்வயல், கரும்பு, வாழை, மூங்கில் கொத்து. இந்த ஊர்ல மார்கழி மாசம் கேட்டை நட்சத்திரத்துல அந்தணர் குடும்பத்துல பிறந்தவர் விப்ரநாராயணர். அதுதான் அவருக்கு வீட்டுல வெச்ச பேர். வேதம் படிச்சார். கல்யாணம் பண்ணிக்கலை.

படிப்பு முடிச்சதும் கோயில் கோயிலா போய்ப் பார்க்கலாம்னு கிளம்பினவர், ஸ்ரீரங்கம் வந்ததும் அங்கேயே நின்னுட்டார். மற்ற ஆழ்வார்கள்ல பெரும்பாலானவங்க பல ஊர்ப் பெருமாளைப் பாடியிருக்காங்க. இவர் பாடினது ஸ்ரீரங்கம் ஒண்ணைத் தான். ஒரே ஊர், ஒரே கோயில், ஒரே வேலை. இந்தக் காலத்துல இப்படி ஒருத்தர் ரெஸ்யூம் கொடுத்தா எச்.ஆர். என்ன சொல்லுவாங்கன்னு தெரியாது. ஆனா தோட்டம் போடறவருக்கு இதுதான் முதல் தகுதி. செடி இடம் மாறாது. அதைப் பார்த்துக்கிறவரும் மாறக் கூடாது.

ஸ்ரீரங்கம் ஒரு தீவு. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். அங்கிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் போனா கல்லணை. அதுக்கு அப்புறம் காவிரி கிளை கிளையா பிரிஞ்சு நம்ம டெல்டாவுக்குள்ள பாயுது. அதாவது தோட்டம் போட அவர் வந்து சேர்ந்த இடம் ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல் மண். தண்ணீர் அதிக ஆழத்தில் இல்லை. இடம் நல்ல இடம் தான். ஆனா ஆறு இருக்கிற இடத்துல பிரச்சினையும் ஆறு மாதிரியே தான் வரும்.

365 நாளைக்கு எப்படித் திட்டம் போடுவது?

இங்க கொஞ்சம் நிதானமா பேசலாம். ஏன்னா, ஆழ்வார் வாழ்க்கையைப் பத்திப் பேசறவங்க நந்தவனம் வைத்தார்னு ஒரே வரியில தாண்டிடுவாங்க. அந்த ஒரு வரிக்குள்ள எவ்வளவு வேலை இருக்குன்னு நம்ம ஊர்ல ஒரு பூந்தோட்டக்காரர் கிட்ட பத்து நிமிஷம் பேசினா தெரியும்.

டெல்டாவுல வருஷம் ஒரே மாதிரி இருக்காது. பங்குனி, சித்திரை, வைகாசி காய்ச்சல் காலம். ஆறு வறண்டு மணலா கிடக்கும். கிணத்துத் தண்ணி தான் கதி. ஆடியில் மேற்கே குடகு மலையில பெய்யற மழை இங்க வெள்ளமா வரும். இப்ப ஜூன் 12-ல மேட்டூர் திறக்கறாங்களான்னு பேப்பரைப் பார்க்கிறோம். மேட்டூர் அணை கட்டி முடிச்சது 1934-ல. அதுக்கு முன்னாடி ஆறே சொல்லாம கொள்ளாம வந்து நிக்கும். அப்புறம் ஐப்பசி, கார்த்திகையில வடகிழக்குப் பருவமழை. பாத்தியெல்லாம் தண்ணி கட்டிக்கும். மார்கழி, தை பனிக்காலம்.

செடிகளும் இந்தக் கணக்குப்படி தான் பூக்கும். மல்லிகைக்கு வெயில் தான் சீசன். மாசிக் கடைசியில ஆரம்பிச்சு, பங்குனி, சித்திரை, வைகாசின்னு அள்ளிக் கொட்டும். பனி வந்தா மொட்டே வைக்காது. அதான் கார்த்திகை, மார்கழியில மல்லிப்பூ விலை ஏறி, நம்ம வீட்டு அம்மாக்கள் எல்லாம் கனகாம்பரத்துக்கு மாறிடறாங்க. மகிழம்பூ வெயில் காலத்துப் பூ. காஞ்சாலும் வாசனை போகாது. பிச்சியும் முல்லையும் மழைக்காலம் வரைக்கும் கை கொடுக்கும். ஆவணி பிறந்தா பவளமல்லி. ராத்திரி பூத்து விடியறப்போ தரையில உதிர்ந்து கிடக்கும். பறிக்கவே வேண்டாம், கீழே ஒரு துணி விரிச்சா போதும். ராத்திரி நீளமாகிற பனிக்காலத்துல சாமந்தி. நந்தியாவட்டையும் அரளியும் ஏறக்குறைய வருஷம் முழுக்கப் பூக்கும்.

இதுல முக்கியமான விஷயம் என்னன்னா, பூக்கிற நேரத்தைச் செடி மட்டும் முடிவு பண்றதில்லை. கவாத்தும் முடிவு பண்ணுது. இப்ப நம்ம வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்ற கணக்கு இது: மல்லிகையை நவம்பர் கடைசியில கவாத்து பண்ணணும், பிச்சியை டிசம்பர் கடைசியில, முல்லையை ஜனவரி கடைசியில. மூணும் சொந்தக்காரச் செடிகள். ஆனா வெட்டுற நேரம் ஒரு மாசம் ஒரு மாசமா தள்ளிப் போகுது. அதனால பூக்கிற நேரமும் ஒண்ணுக்கு அடுத்து ஒண்ணா வரிசையில நிக்குது. சித்திரையில பூ வேணும்னா கார்த்திகையிலேயே அரிவாளை எடுக்கணும். பூவே இல்லாத மாசத்துல, பச்சையா நல்லா நிக்கிற செடியை முட்டளவுக்கு வெட்டறதுக்கு ஒரு நம்பிக்கை வேணும். ஃபைனல் டேட்டிலிருந்து பின்னோக்கி ஷெட்யூல் போடறதுன்னு நமக்கு ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் பேப்பர்ல சொல்லித் தர்றது வேற ஒண்ணுமில்லை, இதுதான்.

இன்னொண்ணு, இலை. ஆழ்வார் தன்னைப் பத்திச் சொல்லிக்கிற இடத்துல, கூடையும் கையுமா துளசி மாலை எடுத்துக்கிட்டு வர்றவனா தான் தன்னைக் காட்டறார். அவருடைய சிலையிலும் கையில பூக்குடலை தொங்கும். துளசிக்கு சீசன் கிடையாது. கதிர் விட விட நுனியைக் கிள்ளிக்கிட்டே இருந்தா வருஷம் முழுக்கத் தழைச்சுக்கிட்டே இருக்கும். கிள்ளாம விட்டா விதை கட்டி, தண்டு முத்தி, இலை சிறுத்துப் போகும். எந்தப் பூ ஏமாத்தினாலும் துளசி ஏமாத்தாது. நம்ம தஞ்சாவூர்க் கதம்பமும் இதே கணக்கு தான். மரிக்கொழுந்து மாதிரி பச்சையோட அந்தந்த சீசன்ல கிடைக்கிற பூக்களைச் சேர்த்துக் கட்டுவாங்க. ஒரு பூ வரத்து குறைஞ்சாலும் சரம் குறையாது.

தண்ணி விஷயமும் அப்படித்தான். மல்லிகைக்கு வேர்ல தண்ணி நின்னா ஆகாது, அழுகிடும். தாமரைக்கு தண்ணி நின்னா தான் வாழ்வு. அதனால ஒரே தோட்டத்துல மேடும் வேணும், பள்ளமும் வேணும். மேட்டுல மல்லிகை, பள்ளத்துல குளம், ஓரத்துல மகிழம் மாதிரி பெரிய மரம், நடுவுல பாத்தி. மழைத்தண்ணி மேட்டிலிருந்து வடிஞ்சு குளத்துக்குப் போகும். சித்திரையில அதே குளத்திலிருந்து குடத்துல எடுத்து மேட்டுக்கு ஊத்தலாம். பம்ப் இல்லாத காலத்துல இதை எல்லாம் தோளும் முதுகும் தான் செஞ்சிருக்கணும்.

அவர் பாட்டிலேயே தோட்டத்துக் கண் தெரியுது. திருப்பள்ளியெழுச்சியில விடியலைச் சொல்றப்போ, கிழக்குக் காத்து முல்லைப் பூவைத் தொட்டுக்கிட்டு வர்றது, கமுகம்பாளை வெடிச்சு மணக்கிறது, இதெல்லாம் வருது. விடியலுக்கு முன்னாடியே தோட்டத்துக்குள்ள நிக்கிற ஒருத்தருக்குத் தான் இந்த வரிசை தெரியும். பூ பறிக்கிற நேரமும் அதுதான். வெயில் ஏறிட்டா மல்லிகை மொட்டு வாடிடும்.

தேவதேவி

இனிமே சொல்லப்போற கதை, வைணவர்கள் வழிவழியா சொல்லி, குருபரம்பரை நூல்கள்ல எழுதி வெச்ச கதை. 1954-ல பானுமதி, நாகேஸ்வர ராவ் நடிச்சு விப்ரநாராயணா என்கிற படமாவும் வந்தது. உங்க தாத்தா பாட்டி பார்த்திருப்பாங்க.

திருக்கரம்பனூர்ல தேவதேவின்னு ஒரு கணிகை. ஆடல் பாடல்ல பேர் பெற்றவள். உறையூர்ல சோழ ராஜாவைப் பார்த்துட்டு அக்காவோட திரும்பி வர்றாள். மேப்பை எடுத்துப் பாருங்க. உறையூர் காவிரிக்குத் தெற்கே. கரம்பனூர், அதாவது இன்றைய உத்தமர்கோவில், கொள்ளிடத்துக்கு வடக்கே. நடுவுல ஸ்ரீரங்கம் தீவு. வழியில களைப்பாற நிழல் தேடினவங்க கண்ணுல விப்ரநாராயணரோட தோட்டம் படுது. உள்ள வந்து உட்கார்றாங்க. அவர் செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கார். நிமிர்ந்துகூடப் பார்க்கலை.

தன்னை ஒருத்தர் பார்க்கலை என்கிறது அவளுக்குப் புதுசு. அக்காவோட பந்தயம் கட்டறாள். ஆறு மாசத்துக்குள்ள இவரைத் தன் பக்கம் திருப்பிக் காட்டணும். முடியலைன்னா அக்காவுக்கு அடிமையா இருக்கணும். நகையெல்லாம் கழட்டி அக்கா கையில கொடுத்துட்டு, எளிய புடவையைக் கட்டிக்கிட்டு வந்து அவர் கால்ல விழறாள். பழைய வாழ்க்கை வேண்டாம், உங்க தோட்டத்துல வேலை செஞ்சு பிழைச்சுக்கறேன்னு கேட்கிறாள். அவரும் சரிங்கறார்.

அப்புறம் மாசக்கணக்கா அவள் நிஜமாவே தோட்டத்துல உழைக்கிறாள். தண்ணி சேந்தி ஊத்தறாள், களை எடுக்கறாள், பூ தொடுக்கறாள். பந்தயத்துக்காகவே இருந்தாலும் அந்தச் செடிகளுக்குக் கிடைச்சது நிஜத் தண்ணி தானே. ஒரு நாள் பெருமழை. மரத்தடியில நனைஞ்சு நடுங்கிக்கிட்டு நின்னவளை, பாவம்னு குடிசைக்குள்ள கூப்பிட்டார். அன்னையோட அவர் நிலை மாறிப்போச்சு.

கதை சொல்றவங்க இந்த இடத்துல மோகத்தைப் பத்தித் தான் விரிவா சொல்லுவாங்க. எனக்கு நினைப்பு தோட்டத்துக்குத் தான் போகுது. பந்தயம் ஜெயிச்சாச்சு, தேவதேவி தன் வீட்டுக்குக் கிளம்பிட்டாள், அவரும் பின்னாலேயே போயிட்டார். நந்தவனத்துல யாரும் இல்லை. டெல்டாவுல ஒரு தோட்டத்தைச் சில மாசம் கவனிக்காம விட்டா என்ன ஆகும்னு நீங்க லீவு முடிஞ்சு வீட்டுக்குப் போய்ப் பார்த்திருப்பீங்க. முதல்ல கோரைப்புல் வரும். துளசி முத்திப்போகும். முல்லைக் கொடி பந்தலை விட்டு இறங்கி ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கும். கவாத்து தவறின மல்லிகை உயரமா வளரும், பூ மட்டும் குறைஞ்சுடும். வாய்க்கால் தூர்ந்துடும். ஆறு மாசம் கவனிக்கலைன்னா அடுத்த ஒரு வருஷத்துப் பூக்கணக்கு போச்சு. அவர் என்ன இழந்தார்னு கேட்டா, பேரு, மரியாதையோட இதையும் சேர்த்துக்கணும். ஒரு நாள்கூட நிக்காத வரிசை ஒண்ணு அறுந்துபோச்சு.

பொன் வட்டில்

கையில இருந்த பொருள் தீர்ந்ததும் தேவதேவி வீட்டுக் கதவு சாத்தியாச்சு. அவர் திண்ணையிலயே கிடந்தார். அன்னைக்கு ராத்திரி ஒரு ஆள் வந்து அவள் வீட்டுக் கதவைத் தட்டினாராம். விப்ரநாராயணரோட வேலைக்காரன்னு சொல்லிக்கிட்டு, தன் பேர் அழகிய மணவாளன்னு சொல்லி, ஒரு பொன் வட்டிலைக் கொடுத்துட்டுப் போனாராம். அழகிய மணவாளன் என்கிறது ஸ்ரீரங்கத்து உற்சவப் பெருமாளோட பேர். கதவு திறந்தது.

காலையில கோயில்ல பொன் வட்டிலைக் காணோம். விசாரணை ஆரம்பிச்சது. வட்டில் தேவதேவி வீட்டுல இருக்குன்னு தெரிஞ்சு பிடிச்சாங்க. கொடுத்தது விப்ரநாராயணரோட ஆள்னு அவள் சொன்னாள். எனக்கு ஆளே கிடையாதுன்னு அவர் சொன்னார். யார் நம்புவாங்க? ராஜா அவரைக் காவல்ல வெச்சார். அன்னைக்கு ராத்திரி ராஜாவோட கனவுல பெருமாள் வந்து, வட்டிலை எடுத்துப் போய்க் கொடுத்தது தான் தானேன்னு சொன்னதா கதை. மறுநாள் விடுதலை.

இதை நீங்க நம்பணும்னு நான் சொல்ல வரலை. ஆனா ஒரு விஷயம் இருக்கு. கதையை விட்டுட்டு அவர் எழுதின திருமாலையை மட்டும் படிச்சாலும், சூது, களவு, கெட்ட சகவாசம், பெண்களோட கண் வலையில சிக்கி அழுந்தினதுன்னு எல்லாத்தையும் அவர் வாயாலேயே ஒத்துக்கறார். ஒளிச்சு மறைச்சு எழுதலை. பொன் வட்டில் எப்படிப் போச்சு வந்தது என்கிறது வேற விஷயம். விழுந்தது உண்மைன்னு விழுந்தவரே பதிவு பண்ணி வெச்சிருக்கார்.

திரும்பி வந்த இடம்

விடுதலை ஆனதும் என்ன பண்ணலாம்? ஊரை விட்டுப் போகலாம். காசிக்குப் போகலாம். படிச்சவர், வேற ஊர்ல பாடம் சொல்லிக் கொடுத்துக்கூடப் பிழைச்சிருக்கலாம். ஆனா தலைகுனிஞ்ச அதே ஊர்ல, எல்லாரும் பார்க்க, அதே தோட்டத்துக்குத் திரும்பினார். பரிகாரமா அடியார்களோட பாதத்தைக் கழுவின தண்ணியை எடுத்துக்கிட்டார். அவங்க காலடித் தூசி நான்னு பேரையே மாத்திக்கிட்டார். விப்ரநாராயணர் தொண்டரடிப்பொடி ஆனது இப்படித் தான். விப்ரர்னா அந்தணர். பிறப்பைச் சொல்ற பேரை விட்டுட்டு, தூசியைச் சொல்ற பேரை எடுத்துக்கிட்டார். திருமாலையில, பக்தி இருந்தா எந்தக் குலத்துல பிறந்தவரும் உயர்ந்தவர், அவங்களை வணங்கணும்னு பாடறார். 1200 வருஷத்துக்கு முன்னாடி, அந்தணரா பிறந்த ஒருத்தர் இப்படிப் பாடினது சின்ன விஷயம் இல்லை.

தேவதேவியும் மனசு மாறி, தன் சொத்தையெல்லாம் கோயிலுக்குக் கொடுத்துட்டுத் தொண்டு செஞ்சதா சொல்றாங்க.

திருமாலையில எனக்கு ரொம்பப் பிடிச்ச இடங்கள் இரண்டு. ஒண்ணு, ஒரு கணக்கு. மனுஷன் நூறு வருஷம் வாழ்ந்தாலும் பாதி தூக்கத்துல போயிடும். மீதி அறியாத குழந்தைப் பருவம், பிணி, பசி, மூப்புன்னு போயிடும்னு கழிச்சுக்கிட்டே வர்றார். டைம் மேனேஜ்மென்ட் ஸ்லைடு ஒண்ணைப் பார்க்கிற மாதிரியே இருக்கும். இன்னொண்ணு, எனக்கு ஊர் கிடையாது, காணி கிடையாது, உறவு கிடையாதுன்னு சொல்ற இடம். காணின்னா சொந்த நிலம். வாழ்நாள் முழுக்க மண்ணைக் கொத்தினவர், தனக்கு மண்ணே இல்லைன்னு சொல்றார். யோசிச்சுப் பாருங்க. அந்தத் தோட்டம் அவரோடது இல்லை. பூவும் அவருக்கு இல்லை. காலையில கட்டின மாலை மறுநாள் களைஞ்சு போடற பூ. அதுக்காகத் தான் அத்தனை கவாத்து, அத்தனை குடம் தண்ணி.

மதில் வளைந்த கதை

சிவில் நண்பர்களுக்கு ஸ்பெஷலா ஒரு கதை. ஸ்ரீரங்கம் கோயில்ல ஏழு சுற்று மதில் இருக்கு. மொத்தப் பரப்பு 156 ஏக்கர். அதுல நாலாவது சுற்றுக்கு ஆலிநாடன் திருச்சுற்றுன்னு பேர். திருமங்கை ஆழ்வார் கட்டினதா சொல்றாங்க. அவரும் நம்ம டெல்டாக்காரர் தான், சீர்காழிப் பக்கம்.

மதில் எழும்பிக்கிட்டு வர்றப்போ, கோடு நேரா போனா தொண்டரடிப்பொடியார் பூத்தொடுக்கிற இடத்து மேல தான் போகணும். சைட்ல இப்படி ஒரு நிலைமை வந்தா வழக்கமா என்ன நடக்கும்? செடியைப் பிடுங்கிட்டு அஸ்திவாரம் தோண்டுவாங்க. திருமங்கையார் அதைச் செய்யலை. அலைன்மென்ட்டை மாத்தி, அந்த இடத்தை ஒதுக்கி விட்டுட்டு மதிலைக் கொண்டுபோனாராம். கல்லு வளைஞ்சு கொடுத்தது, பூச்செடி நின்னது. அந்தச் சந்தோஷத்துல தொண்டரடிப்பொடியார் தன்னோட பூக்கொய்யும் கருவிக்கு அருள்மாரின்னு திருமங்கையாரோட பேரையே வெச்சாராம். ஒரு இன்ஜினியருக்கு ஒரு தோட்டக்காரர் கொடுத்த விருதுன்னு வெச்சுக்கலாம். நாளைக்கு நீங்க ஒரு சைட்டுக்கு லேஅவுட் போடறப்போ, நடுவுல ஒரு பழைய மரம் நின்னா இந்தக் கதையைக் கொஞ்சம் நினைச்சுக்கோங்க.

இந்த மரபு அவரோட முடியலை. சோழர் காலக் கல்வெட்டுகள்ல திருநந்தவனப்புறம்னு, பூந்தோட்டச் செலவுக்குன்னே நிலம் எழுதி வெச்சிருக்காங்க. திருமலையில அனந்தாழ்வான் குளம் வெட்டித் தோட்டம் வெச்சதையும் சொல்லுவாங்க. ஸ்ரீரங்கத்துல மதுரகவி நந்தவனத்திலிருந்து இன்னைக்கும் அரங்கனுக்கு மாலை போகுது.

உங்க வீட்டுக்கு

வாழ்க்கை வரலாறு படிச்சா ஏதாவது கையில மிஞ்சணும் இல்லையா? வீட்டுக்குப் பின்னாடி நாலடி மண்ணோ, மாடியில பத்துத் தொட்டியோ இருந்தா போதும். வருஷம் முழுக்கப் பார்க்க அழகா ஒரு தோட்டம் போட அவர் வேலையிலிருந்து இவ்வளவு எடுத்துக்கலாம்:

முதல்ல முதுகெலும்பு. வருஷம் முழுக்கப் பச்சையா நிக்கிற துளசி, நந்தியாவட்டை, செம்பருத்தி. இதுல எதுவும் பூக்காட்டியும் தோட்டம் காலியா தெரியாது. அரளி அழகு தான். ஆனா செடி முழுக்க விஷம். வீட்டுல சின்னக் குழந்தையோ ஆடு மாடோ இருந்தா வேண்டாம்.

அடுத்து காலண்டர். வெயிலுக்கு மல்லிகை, ஆடி ஆவணிக்குப் பிச்சி முல்லை, அப்புறம் பவளமல்லி, பனிக்குச் சாமந்தி. நர்சரிக்கு ஒரே நாள் போய், அன்னைக்குப் பூத்திருக்கிறதை மட்டும் வாங்கிட்டு வந்தா, அந்த ஒரு மாசம் தான் தோட்டம் அழகா இருக்கும். அன்னைக்குப் பூக்காத செடியையும் கேட்டு வாங்குங்க.

மூணாவது, மேடு பள்ளம். ஐப்பசி மழையில தண்ணி எங்க நிக்குதுன்னு ஒரு வருஷம் பார்த்துட்டு அப்புறம் நடுங்க. தொட்டின்னா அடியில ஓட்டை அடைச்சிருக்கான்னு புரட்டாசியிலேயே பார்த்துடுங்க.

நாலாவது, கத்தரிக்கோல். நல்லா இருக்கிற செடியை வெட்ட மனசு வராது. பரவாயில்லை, வெட்டுங்க. மூணு மாசத்துல ஏன்னு தெரியும்.

கடைசியா ஒண்ணு. ஃபைனல் இயர் நண்பர்களே, இன்னும் சில மாசத்துல நாம எல்லாரும் சென்னை, பெங்களூருன்னு கிளம்பிடுவோம். தினமும் செஞ்சுக்கிட்டிருந்த நல்ல பழக்கம் எதாவது ஒண்ணு அங்க போனதும் விட்டுப்போகும். ஓடறதா இருக்கலாம், படிக்கிறதா இருக்கலாம், அம்மாவுக்கு போன் பண்றதா இருக்கலாம். ஆறு மாசம் கழிச்சு ஞாபகம் வர்றப்போ, இனிமே என்ன ஆரம்பிக்கிறதுன்னு ஒரு வெட்கம் வரும். அப்போ மண்டங்குடிக்காரரை நினைச்சுக்கோங்க. ராஜாவோட காவல்லேருந்து வெளிய வந்த மனுஷன், ஊர் பார்க்க நடந்து வந்து, கோரை மண்டின அதே பாத்தியில மறுபடி குனிஞ்சிருக்கணும். துளசி கிள்ளினா பத்துப் பதினைஞ்சு நாள்ல திரும்பத் துளிர் விட்டுடும். முதல் கூடைக்கு அது போதும்.